அடங்காத மாணவர்களை அரசுப் பள்ளிகள் அன்று எப்படிக் கையாண்டன, இன்று எப்படிக் கையாளுகின்றன?

தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன். அன்று எல்லாவற்றுக்கும் பிரம்புதான். அதற்கும் முந்தைய திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் என்றொரு தண்டனை: உத்தரத்துக் கயிற்றைப் பிடித்தபடி, கால் தரையில் படாமல் பையன் தொங்க வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போவார்கள். அடிக்குப் பயந்து படிப்பையே விட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தரும் தண்டனையையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது. "டிசி கொடுத்து அனுப்பு" என்று கொதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்று பெற்றோரை வரச்சொல்லிப் பேசுவது, தலைமையாசிரியர் அறையில் கடிதம் எழுதி வாங்குவது, முன்பெஞ்சுக்கு மாற்றுவது என்று போகிறது. ஆலோசனைக்கு 14417 உதவி எண்ணும் உண்டு. ஆனால் பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு, அதற்கு மாற்றாக ஆசிரியருக்குப் போதிய பயிற்சி தரவில்லை என்பதே என் வருத்தம். கடைசி பெஞ்சில் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும் பையனுக்குப் பல நேரம் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது. அதைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒவ்வொரு பள்ளியிலும் தனியாக ஓர் ஆள் வேண்டும்.