சாப்பிடாமலே ஏறும் சர்க்கரை

கேள்வி: ராத்திரி 8 மணிக்கு 2 இட்லியோடு முடித்துக்கொள்கிறேன். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். படுக்கும்போது சர்க்கரை 130. காலையில் வெறும் வயிற்றில் 165. திருட்டுத்தனமாக ஏதோ தின்கிறேன் என்கிறார்கள் வீட்டில்!
– வாசகி, கும்பகோணம்

பதில்: வீட்டாரிடம் கல்லீரலைக் கைகாட்டுங்கள். 60 கிலோ எடையுள்ளவரின் கல்லீரல் இரவில் மணிக்குச் சுமார் 7 கிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விடும். தூக்கத்திலும் மூளைக்கு அது வேண்டும். மொத்த ரத்தத்தில் இருப்பதே 4, 5 கிராம்தான் என்பதால், வரவு சற்று மிஞ்சினாலும் மீட்டரில் தெரிந்துவிடும்.

'விடு' என்று சொல்வது குளுககான். கணையத்தின் ஆல்ஃபா செல்கள் சுரக்கும் இது, கல்லீரலில் சேமித்த கிளைகோஜனை (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) உடைக்க வைக்கும். லாக்டேட், அமினோ அமிலம் போன்றவற்றிலிருந்து புதிதாகவும் குளுக்கோஸ் செய்ய வைக்கும். 'போதும்' என்பது இன்சுலின். கணையத்து ரத்தம் போர்ட்டல் சிரை வழியே நேரே கல்லீரலுக்குப் போவதால், இன்சுலின் முதலில் சேருமிடமும் அதுதான். டைப் 2 நீரிழிவில் கல்லீரல் அந்தப் 'போதும்' என்பதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. குளுககானும் அடங்காது. போதாக்குறைக்கு, இரவில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனும் விடியலில் ஏறும் கார்டிசாலும் இன்சுலினின் பிடியைத் தளர்த்துகின்றன. நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் விட்டுச் சமாளித்துவிடும்.

இரண்டு மூன்று நாள் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் என மூன்று வேளை பார்த்து எழுதிவையுங்கள். 3 மணிக்கு 130ஐ ஒட்டி இருந்து காலையில் ஏறினால், இது விடியல் ஏற்றம். படுக்கும்போதே 180 என்றால் இரவுச் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். 3 மணிக்கு 70க்குக் கீழே போனால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். இன்சுலின் அல்லது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

காலை அளவைக் குறைக்க ராத்திரிப் பட்டினி கிடக்க வேண்டாம். வயிறு காலியென்று கல்லீரல் கடையைச் சாத்தாது. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் உற்பத்தியைத்தான் குறைக்கிறது. அளவையும் வேளையையும் மாற்றலாமா என்று அந்தக் குறிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: மூச்சிரைப்புக்காக ஒரு மாதமாகக் காலையில் பிரெட்னிசோலோன் எடுக்கிறேன். வெறும் வயிற்றில் 105, சாயங்காலம் 240. மீட்டர் கோளாறா?
– வாசகர், தேனி

பதில்: மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. பிரெட்னிசோலோன் கார்டிசாலின் உறவுக்காரன்: கல்லீரலைக் குளுக்கோஸ் செய்யத் தூண்டும், தசைகள் அதை எடுத்துக்கொள்வதையும் தடுக்கும். காலையில் போட்டால் மதியத்திலிருந்து இரவு வரை வேகம் காட்டி, விடிவதற்குள் தணிந்துவிடும். எனவே வெறும் வயிற்று அளவு உங்களை ஏமாற்றும். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். சில வாரங்கள் எடுத்தாலே அட்ரினல் சுரப்பி சொந்தக் கார்டிசாலைக் குறைத்துக்கொள்ளும். திடீரென விட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அபாயகரமாகச் சரியலாம்.