அப்பா பாடகர், மகன் நடத்துநர்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவை அடுத்த லாடியத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். என் கணவர் கோயில் விழாக்களில் பாடுகிறவர். இங்கே அவருக்கு நல்ல பெயர் இருக்கிறது. 16 வயது மகன் பாட மறுக்கிறான். வயலின் வாசிக்கிறான், ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநராகப் போகிறேன் என்கிறான். 'என் பெயரைக் காப்பாற்ற மாட்டான்' என்று கணவர் வருந்துகிறார். மகனுடைய வயலின் ஆசிரியை ஒரு வயதான ஆஃப்ரிகான்ஸ் பெண்மணி. 'ஹே கோர்ஸ்டனின் மகனும் இப்படித்தான்' என்று அவர் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது: 'எங்களை உள்ளே விடாத அரங்கில் பாடியவரின் குடும்பத்தை உதாரணம் காட்டுவதா?' அந்தக் குடும்பம் யார்? நான் மகனுக்கு என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் கோபத்தைப் பற்றி. அதில் நியாயம் இருக்கிறது. 1960-களில் அரசு மானியத்தில் நடந்த ஆப்பெரா (பாட்டாகவே நடக்கும் மேலைநாட்டு இசை நாடகம்) அரங்குகளில் வெள்ளையர் உட்கார்ந்த வரிசையில் ஓர் இந்தியர் உட்கார முடியாது. பிரிட்டோரியாவின் மராபாஸ்டாடில் மாரியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களை லாடியத்துக்குப் பெயர்த்ததும் அதே காலத்து நிறவெறிச் சட்டம்தான். அந்த நினைவை 'பழைய கதை' என்று யாரும் ஒதுக்க வேண்டாம், உங்கள் மகன் உட்பட. அவனுக்கு இதை அவன் அப்பாவே உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இனி அந்தக் குடும்பம். தந்தை ஹே கோர்ஸ்டன் 1927-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். சிறுவனாக, ஒன்பது வயதில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். டச்சு மொழியிலிருந்து கிளைத்ததுதான் ஆஃப்ரிகான்ஸ் என்றாலும், வந்தேறிய ஒரு பிள்ளை பின்னாளில் அந்த மொழிக்காரர்களின் வீட்டுக் குரலாகவே ஆனது சாதாரண விஷயமில்லை. ஆப்பெராவில் ஆண்களின் உச்சக் குரலில் பாடும் டெனர் அவர். ஆனால் மெல்லிசைப் பாடல்களையும் அதே அக்கறையோடு பாடினார். 1967-இல் 'என் பாட்டைக் கேள்' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட ஆஃப்ரிகான்ஸ் திரைப்படத்தில் கதாநாயகனாக நடித்தார். அந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976-இல்தான். அதுவரை வானொலியும் இசைத்தட்டும்தான் வீட்டுக்குள் வரும் கலை. அதனால் அவர் குரல் சமையலறை வரை போயிருந்தது.

மகன் ஜெரார்ட் கோர்ஸ்டன் 1960-இல் பிரிட்டோரியாவில் பிறந்தார். அந்தப் படம் வந்தபோது ஏழு வயதுப் பிள்ளை. அப்படிப்பட்ட வீட்டில் மகனும் பாட ஆரம்பித்தால் முதல் வரியிலேயே ஒப்பீடு தொடங்கிவிடும்: அப்பா மாதிரி இருக்கிறதா, இல்லையா? குரல் என்பது மூக்கைப் போல, முகவெட்டைப் போல. பரம்பரையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஜெரார்ட் எடுத்தது வயலின் வில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைப்பள்ளியில் ஐவன் கலாமியனிடம் படித்தார். புகழ்பெற்ற வயலின் கலைஞர் இட்ஸாக் பெர்ல்மனை உருவாக்கிய அதே ஆசிரியர் அவர். (கர்டிஸில் படிப்புக் கட்டணம் கிடையாது, தேர்வில் தேறுவதுதான் கடினம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் ஹங்கேரியரான ஷாண்டோர் வேக்கிடம் பயின்றார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் உங்கள் மகன் கவனிக்க வேண்டும். கையில் நடத்துநரின் கோலை எடுத்துக்கொண்டு மேடை தேடி அலையவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் உட்கார்ந்தார். சால்ஸ்பர்கின் கமராட்டா குழுவில் முதல் வயலின் தலைவராகவும் துணை இசை இயக்குநராகவும் இருந்தார். 1987 முதல் 1996 வரை ஐரோப்பிய சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் தலைவர். அந்தப் பதவி மேடையில் நடத்துநரோடு கைகுலுக்குவதற்காக இருக்கிற பதவி இல்லை. எந்தச் சுரத்தில் வில்லைக் கீழே இழுப்பது, எங்கே மேலே தள்ளுவது என்று முடிவு செய்து தந்திக் கருவிகள் அத்தனையையும் ஒரே மூச்சில் இயங்க வைப்பவர் அவர்தான். நடத்துநரின் கை தடுமாறினால் பின்வரிசைகள் பார்ப்பது அவருடைய தோளைத்தான்.

அந்த நாற்காலியில் இருந்தபடி எத்தனை நடத்துநர்களை இரண்டடி தூரத்தில் பார்த்திருப்பார்! கிளவுதியோ அப்பாதோவும் நிக்கோலஸ் ஹார்னன்கூர்ட்டும் அந்த ஆர்க்கெஸ்ட்ராவோடு நெருங்கிப் பணியாற்றியவர்கள். அந்த ஹார்னன்கூர்ட்டே 1952 முதல் 1969 வரை வியன்னாவில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவர். கோலிலிருந்து ஓசை வருவதில்லை. ஓசை எழுப்புகிறவர்களின் விரலும் மூச்சும் எங்கே சிரமப்படும் என்று தெரிந்தவன் கையசைத்தால்தான் அவர்கள் நம்பி வாசிப்பார்கள். இதை உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

முழுநேர நடத்துநராகப் போவதற்காக 1996-இல் ஜெரார்ட் அந்த நாற்காலியை விட்டபோது வயது முப்பத்தாறு. உங்கள் மகனுக்கு இப்போது பதினாறு. அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வதைவிட இந்தக் கணக்கு அவனுக்கு நன்றாகப் புரியும்.

பிறகு ஸ்வீடனின் உப்சாலா ஆர்க்கெஸ்ட்ரா, சொந்த ஊரான பிரிட்டோரியாவின் ஸ்டேட் தியேட்டர், 2005 முதல் 2018 வரை ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பர்க் ஆர்க்கெஸ்ட்ரா, இடையில் 2010 முதல் 2014 வரை லண்டன் மொசார்ட் பிளேயர்ஸ் குழு என்று பொறுப்புகள் வந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது 1999 முதல் 2005 வரை அவர் இசை இயக்குநராக இருந்த இத்தாலியின் காலியாரி நகரத்து அரங்கு. அது ஆப்பெரா அரங்கு. இசையமைப்பாளர் ஷூபர்ட் எழுதியும் மேடைகள் அதிகம் சீண்டாத 'அல்போன்சோவும் எஸ்ட்ரெல்லாவும்' போன்ற ஆப்பெராக்களை அங்கே அவர் நடத்தினார். ஆப்பெராவில் நடத்துநர் மேடைக்குக் கீழே பள்ளத்தில் நிற்பார். மேலே நிற்கும் பாடகர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், உச்சசுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து எழுபது, எண்பது பேரைப் பிடித்து நிறுத்த வேண்டும். பாடகர் வீட்டில் வளர்ந்த காதுக்கு அது எப்பேர்ப்பட்ட சொத்து! ஹே கோர்ஸ்டன் இறந்ததும், மகன் காலியாரியில் பொறுப்பேற்றதும் ஒரே ஆண்டு, 1999. வில்லைத் தேர்ந்தெடுத்துப் போன மகன் கடைசியில் பாடுகிறவர்களின் காலடியில்தான் வந்து நின்றார்.

ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: மகன் அவர் பாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரைக் காப்பாற்றும் பாரத்தை இறக்கி வையுங்கள், காதைக் கொடுத்தால் போதும். மகனுக்கு என் யோசனை: இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் இரண்டாம் வயலினின் கடைசி வரிசையில் இடம் கிடைத்தாலும் சேரட்டும், முதல் வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒத்திகை முழுக்க இருந்து, காற்றுக் கருவிக்காரர்கள் எங்கே தவிக்கிறார்கள் என்று பார்க்கட்டும். பியானோ ஓரளவாவது பழகட்டும்; பல வரிகள் அடுக்கிய முழு இசைப்பிரதியைப் படிக்க அது பெரிதும் கைகொடுக்கும். அப்படி ஒரு பிரதியை வாங்கி, வாரம் ஒரு கருவியின் வரியை மட்டும் பின்தொடர்ந்து கேட்கட்டும்.

இன்னொன்று, வீட்டிலேயே செய்யக்கூடியது. வயலினில் அவனுக்கு வசப்படாத ஒரு மெல்லிசை வரியை எடுத்து அப்பாவைப் பாடச் சொல்லுங்கள். அவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே அவன் வில்லைத் திருப்பிப் பார்க்கட்டும். அப்பா திருத்துவார், கட்டாயம் திருத்துவார். அந்த நேரத்தில் மட்டும் நீங்கள் சமையலறையிலிருந்து எதற்கும் கூப்பிடாதீர்கள்.