ட்ராமில் பக்கத்து இருக்கை

சூரிச்சுக்கு வந்து நாலு மாதம், கணவர் வேலைக்குப் போன பிறகு வெளியே இறங்கவே கூச்சம், ட்ராமில் என் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை, காசு செலவழிக்காமல் எங்கே போய் இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி.

நான் 1991இல் வந்தவள். முதல்முறை தனியே ட்ராம் ஏறிய அன்று டிக்கெட் பார்க்கிறவர்கள் ஏறிவிட்டார்கள். டிக்கெட் கைக்குள்ளேயே வியர்வையில் நனைந்து கிடக்க, நான் பதறிப்போய்க் கைப்பையைக் கிளறி அகதி அட்டையை நீட்டினேன். ஊரிலிருந்து கொழும்பு வரை சென்றிக்குச் சென்றி, ஒவ்வொரு காவலரணிலும் ஐசி என்ற அடையாள அட்டையைக் காட்டிப் பழகிய கை அல்லவா! டிக்கெட் பார்க்க வந்த மனுசி அட்டையை வாங்கவே இல்லை. என் விரல் இடுக்கில் இருந்த டிக்கெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பக்கத்து இருக்கையை நினைத்துக் குமையாதீர்கள். இங்கே அவர்களுக்குள்ளேயே அப்படித்தான். வேறு இடம் இருந்தால் ஒருவரை ஒட்டி இன்னொருவர் இருக்கமாட்டார். அதற்காக எல்லாம் மனப்பிரமை என்று சொல்லமாட்டேன். சனம் நெரியும்போதும் என் பக்கம் வெறுமையாகக் கிடந்த நாட்கள் உண்டு.

காசில்லாமல் இருக்க, உங்கள் வட்டாரத்திலுள்ள சமூக நிலையத்துக்குப் போங்கள். 'கே-செட்' என்று கேட்டால் காட்டுவார்கள். பிள்ளைகளோடு வருகிற மனுசிமார் நிறைய. லிமாட் ஆற்றில் 1888இல் கட்டிய பெண்கள் குளியலகம் ஒன்றும் உண்டு. கோடையில், பகலில் ஆண்களுக்கு இடமில்லை. அதற்குக் காசு கட்ட வேணும்.

உண்மையைச் சொன்னால், நான் வெள்ளைக்காரருக்குப் பயந்ததைவிட எங்கட சனத்துக்குப் பயந்ததுதான் கூட. பகலில் ஆற்றங்கரையில் தனியே இருந்தால், நான் வீடு போய்ச் சேர முன்னமே என் கணவருக்குப் போன் போய்விடும். "ஓம், இருந்தவதான், அதுக்கென்ன?" என்று அவர் திருப்பிக் கேட்கப் பழக இரண்டு வருசம் எடுத்தது.

பெரிய ஸ்டேஷனுக்குப் பின்னால், மியூசியத்தை ஒட்டிய பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா தெரியுமா? நான் வந்தபோது அது போதை ஊசிக்காரரால் நிறைந்து கிடந்தது. 1992 பெப்ரவரியில் இழுத்து மூடினார்கள், பிறகு திரும்பத் திறந்துவிட்டார்கள். இப்போது புதன்கிழமை வேலை முடிய அங்கேதான் ஒரு வாங்கில் இருப்பேன். இரண்டரைக்கு வாருங்கள், தேத்தண்ணிப் போத்தல் என்னிடம் இருக்கும். ஏதாவது கடிக்க நீங்கள் கொண்டு வாருங்கள்.