கடலைத் தொலைத்த துறைமுகங்களுக்கு ஒரு வாரம்

கேள்வி: எனக்கு 62 வயது, கணவருக்கு 67. பிறந்தது நாகப்பட்டினம், இப்போது திருச்சியில் இருக்கிறோம். ஆம்ஸ்டர்டாமில் ஏறி என்க்ஹாய்சன், ரோட்டர்டாம், வேரெ, ஆன்ட்வெர்ப், கென்ட், புரூஜ் என்று ஏழு நாள் ஆற்றுக் கப்பலில் போய்வர மகன் ஏற்பாடு செய்கிறான். சொந்தக்காரர்களோ, "அந்தக் காசுக்குப் பஸ்ஸில் ஏழு நாடு பார்க்கலாமே, ரெண்டு சின்ன நாட்டுக்கு எதுக்கு ஒரு வாரம்?" என்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். கப்பலில் குமட்டுமோ என்ற பயமும் இருக்கிறது. போகலாமா? போனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது? – ஒரு வாசகி, திருச்சி.

அன்புள்ள சகோதரி,

தாராளமாகப் போய் வாருங்கள். முழங்கால் வலி இருப்பதாலேயே போகச் சொல்கிறேன். பஸ் டூர் என்றால் தினமும் விடியற்காலையில் எழுந்து, பெட்டி கட்டி, லாபியில் காத்திருந்து, பஸ் படி ஏற வேண்டும். கப்பலில் முதல் நாள் புடவைகளை அலமாரியில் அடுக்கினால், ஏழாம் நாள்தான் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். நீங்கள் தூங்கும்போது ஊர் மாறிவிடும்.

குமட்டல் பயமும் வேண்டாம். இது கடல் கப்பல் அல்ல. ஆறுகளிலும் கால்வாய்களிலும் மெதுவாகப் போகும், நீளமான, தட்டையான கப்பல். ஐசல்மீர் ஏரியிலும், ஸ்கெல்டே ஆறு கடலோடு சேரும் அகன்ற பகுதியிலும் காற்றடித்தால் லேசான அசைவு தெரியலாம். மற்ற நேரத்தில் ஜன்னலைப் பார்த்தால்தான் கப்பல் நகர்கிறது என்றே தெரியும்.

சரி, நெதர்லாந்து, பெல்ஜியம் என்ற ரெண்டு சின்ன நாட்டுக்கு எதற்கு ஒரு வாரம்? அந்த ஊர்களின் தலைவாசல் தண்ணீர்ப் பக்கம்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். என்க்ஹாய்சனைப் பாருங்கள். துறைமுக வாயிலில் 1540இல் கட்டிய ட்ரொமெடாரிஸ் என்ற பருத்த கோபுரம் காவல் நிற்கும். தண்ணீரில் வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இந்தச் சின்ன ஊரில் இருந்தது. அப்போது இதற்கு முன்னால் இருந்தது கடல், சாய்டர்சே என்று பெயர். 1932இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கரையைப் போட்டு அந்தக் கடலின் வாயை அடைத்தார்கள். உப்புத் தண்ணீர் நாளடைவில் நன்னீரானது. கடல் மீனை நம்பியிருந்த ஊர்களின் பிழைப்பும் போனது. சுற்றுவட்டார மீனவக் கிராமங்களிலிருந்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே சாய்டர்சே அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். தாழ்ந்த கதவு, சுவருக்குள் பெட்டி போல் அடங்கிய கட்டில், வாசலில் காயும் வலை. நாகையில் பிறந்த உங்களுக்கு அந்த வீடுகள் அந்நியமாகத் தெரியாது. திறந்தவெளிப் பகுதி குளிர்காலத்தில் மூடியிருக்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் இன்னொன்றும் சொல்லத் தோன்றியது. ஒல்லாந்தர் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த டச்சுக்காரர்களைத்தான். 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இருந்தார்கள். நம் நெசவாளர்களின் துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். நம் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் துறைமுகங்களில் வரிசையாக நிற்கும் செங்கல் மாளிகைகள் உண்மையிலேயே அழகு. கூடவே இதையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

உங்கள் பட்டியலில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது வேரெதான். பெரும்பாலானவர்கள் பெயர்கூடக் கேட்டிராத ஊர். சேலாந்து மாகாணத்தில் இருக்கிறது. 1541இல் ஸ்காட்லாந்துக்காரர்களின் கம்பளி வியாபாரத்துக்கு உரிமை பெற்ற துறைமுகம் அது. கரையோரமாக இரண்டு ஸ்காட்டிஷ் வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஒன்றின் முகப்பில் ஆட்டுக்குட்டி, மற்றதில் நெருப்புக்கோழி, கல்லில் செதுக்கியிருக்கும். வீட்டுக்குப் பெயரே அதுதான். அவற்றுக்கு எதிரே இப்போது கட்டிக்கிடப்பவை பொழுதுபோக்குப் பாய்மரப் படகுகள். கடல் அங்கே இல்லை. 1961இல் அதன் வாயையும் அடைத்துவிட்டார்கள்.

ஏன் அடைத்தார்கள் என்பதை உங்களுக்கு விளக்கவே தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊர் உங்களுடையது. அவர்களுக்கு அப்படியொரு இரவு 1953 ஜனவரி 31. புயலும் பெருங்கடலேற்றமும் ஒன்றாகச் சேர்ந்து வந்து கரைகளை உடைத்தன. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள், அதிகம் இழந்தது சேலாந்து. இனி இப்படி நடக்கவிடக் கூடாது என்று கடல் நுழையும் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் கிழக்கு ஸ்கெல்டே என்ற வாயையும் முழுசாக அடைக்கப் போனபோது மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அலையேற்றம் நின்றால் சிப்பியும் மட்டியும் செத்துவிடும், எங்கள் பிழைப்பும் போய்விடும் என்றார்கள். அரசாங்கம் திட்டத்தை மாற்றியது. 62 இரும்புக் கதவுகள் வைத்து, சாதாரண நாளில் கடல் உள்ளே வந்து போகவும் புயல் வந்தால் மட்டும் மூடவும் ஏற்பாடு செய்தார்கள். 1986இல் திறந்தார்கள். மேலே நின்றால் ஏற்றத்தின்போது தண்ணீர் கதவுகளுக்கடியில் புரண்டு ஓடுவதைக் காலுக்குக் கீழே பார்க்கலாம். வேரெயிலிருந்து அங்கே அழைத்துப்போகும் வசதி இருந்தால் காசு கூடுதலானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ரோட்டர்டாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1940 மே 14 குண்டுவீச்சில் பழைய நகரத்தின் நடுப்பகுதி அழிந்துபோனது. இப்போதிருப்பது புது ஊர். அருகில் கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கும், கட்டாயம் பாருங்கள். உள்ளே மட்டும் ஏற வேண்டாம், படிகள் ஏணி மாதிரி செங்குத்து.

புரூஜிலும் மணிக்கூண்டை விட்டுவிடுங்கள். 366 படி. ஊரும் கூட்டத்தில் திணறும். கைடு அவிழ்த்துவிட்டதும் சாக்லேட் கடைகளைத் தாண்டி யான் வான் ஐக் சதுக்கத்துக்கு நடந்து போங்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. கால்வாய் அங்கே வந்து முடிகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் சரக்கெல்லாம் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. எதிரே இருப்பது பழைய சுங்கவீடு. புரூஜின் கடலை யாரும் அடைக்கவில்லை. கடலுக்குப் போகும் வழியில் மண் மேடிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோனது, வியாபாரம் ஆன்ட்வெர்ப்புக்கு நகர்ந்தது.

கென்டில் புனித பாவோ தேவாலயத்தில் 1432இல் முடித்த வான் ஐக் சகோதரர்களின் பலகை ஓவியம் இருக்கிறது. நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், மகனிடம் சொல்லுங்கள். அதில் ஒரு பலகை 1934இல் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் நகல்தான் இருக்கிறது.

இனி காலும் வயிறும். அறையைப் பொறுத்தவரை நடுத்தளம் கேளுங்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் உயரத்தில் சின்னதாக இருக்கும், திறக்க முடியாது, பல கப்பல்களில் லிஃப்டும் அங்கே இறங்காது. பால்கனிக்காக மிக அதிகம் கொடுக்காதீர்கள். இடநெருக்கடியான துறைகளில் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்கள். காலையில் திரையை விலக்கினால் ஓர் அடி தூரத்தில் பக்கத்துக் கப்பல்காரரின் திரைதான் தெரியும். கரைக்குப் போக அந்தக் கப்பல் வழியாகவே ஏறி இறங்க வேண்டும். ஆன்ட்வெர்ப்பில் ஆற்றுநீர் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், பாலப் பலகையின் சரிவும் நேரத்துக்கு நேரம் மாறும், கைப்பிடியைப் பிடித்து நடங்கள். தெருக்கள் உருண்டைக் கல் பாவியவை. டச்சுக்காரர்களே அந்தக் கற்களைக் 'குழந்தைத் தலைகள்' என்றுதான் சொல்வார்கள். செருப்பு வேண்டாம், தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள், ஒரு மடக்குக் கைத்தடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு உண்டா என்று முதல் நாளே கேளுங்கள், பல கப்பல்களில் இருக்கிறது. சிவப்பாகப் பாவிய பாதை சைக்கிளுக்கானது. போட்டோ எடுக்கக்கூட அதில் நிற்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு, பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள்: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், சூப்பும் எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கக் கூடாது என்று. மீனைச் சைவத்தோடு சேர்த்துக்கொள்பவர்கள் அங்கே உண்டு. முக்கியமாக ஒன்று: பெல்ஜியத்தின் பிரபலமான உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது அவர்கள் பழக்கம். எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்காதீர்கள். பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

டூலிப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவில் போக வேண்டும். கூக்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும், கூட்டமும் விலையும் அப்போது உச்சம். பூ முக்கியமில்லை என்றால் செப்டம்பர் என் தேர்வு. ஷெங்கன் விசாவுக்கு, அதிக இரவு தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டும் சமமானால் முதலில் இறங்கும் நாட்டிடம். கப்பல் எந்த இரவு எந்த நாட்டில் நிற்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

ஆன்ட்வெர்ப்பை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். 1585இல் ஸ்பெயினிடம் ஊர் விழுந்தபின் டச்சுக்காரர்கள் ஸ்கெல்டேயின் வாயைக் கடல் வணிகத்துக்கு அடைத்தார்கள், இரண்டு நூற்றாண்டு திறக்கவில்லை. மறுபடி கடல் கிடைத்து, இன்று உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இருக்கிறது. பகலில் தேவாலயத்தில் ரூபன்ஸ் ஓவியங்களையும், 1600 வாக்கில் செய்த அச்சு இயந்திரங்கள் இருக்கும் பிளான்டின் மொரேட்டஸ் வீட்டையும் பாருங்கள். சாயங்காலம் இருவரும் தனியாகக் கிளம்புங்கள். ஆற்றுக்கடியில் 1933இல் திறந்த நடைபாதைச் சுரங்கம் இருக்கிறது, 572 மீட்டர். இறங்க அந்தக் காலத்து மரப்பலகை எஸ்கலேட்டர், உங்களுக்கு லிஃப்டும் உண்டு. அக்கரையில் ஏறி வெளியே வந்து ஆற்றோரமாக உட்காருங்கள். எதிரே தேவாலயத்தின் 123 மீட்டர் கோபுரத்தோடு முழு ஊரும் விளக்கேற்றிக்கொண்டு தெரியும், கப்பல்காரன் பார்த்த பக்கத்திலிருந்து.