குளிர்காலத்தில் தெர்மோஸ்டாட்டை எத்தனை டிகிரியில் வைப்பது?

கேள்வி: லண்டனில் மூன்று படுக்கையறை வீடு, கோம்பி பாய்லர் (தொட்டி இல்லாமலே ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் தண்ணீரைச் சூடாக்கித் தருவது). மாமியார் 24 கேட்கிறார். கணவர் 17 போதும் என்கிறார். கைக்குழந்தையும் இருக்கிறது. எதில் வைப்பது?

பதில்: 20இல் வையுங்கள். மாமிக்கு அப்போதும் குளிர்ந்தால் அவர் உட்காரும் அறைக்கு 21. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழெல்லை 18. வயதானவர் இருக்கும் வீட்டில் 17 வேண்டாம். குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 வரை போதும். அங்கே சூடு கூடிப்போவதுதான் ஆபத்து.

சீக்கிரம் சூடாகட்டும் என்று 30க்குத் திருகாதீர்கள். வீடு அதே வேகத்தில்தான் சூடாகும், 20இல் நிற்காது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் ஹால்வேயில் இருந்தால் அங்குள்ள ரேடியேட்டரை, அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகையை, மூடவே கூடாது. மூடினால் அந்த இடம் 20ஐ எட்டாது. பாய்லர் ஓயாமல் எரியும். மற்ற ரேடியேட்டர் வால்வுகளில் உள்ள 1 முதல் 5 வரையான எண்கள் டிகிரி அல்ல. 3 என்றால் ஏறக்குறைய 20. வால்வைத் திரைச்சீலை மூடியிருந்தால் அறை சூடாகிவிட்டது என்று நினைத்து அது அடைத்துக்கொள்ளும்.

உண்மையான காசு பாய்லரில் இருக்கிறது. முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழ் ஒன்று, குழாய் படம் போட்டது ஒன்று. பொருத்த வருபவர்கள் முதலாவதை 75, 80இல் விட்டுவிட்டுப் போவார்கள். ரேடியேட்டர்களில் ஓடித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையோடு போகும் சூட்டை பாய்லர் பிடித்துத் தரும். அதனால் ரேடியேட்டர் குமிழை 60க்கு இறக்குங்கள். அறை மெதுவாகச் சூடாகும், பழுது என்று பயப்படாதீர்கள். கடுங்குளிரில் போதவில்லையென்றால் 65.

ஆனால் வீட்டில் வெந்நீர்த் தொட்டி, அதாவது சிலிண்டர், இருந்தால் இதைச் செய்யாதீர்கள். கோம்பி என்று சொல்லி விற்ற வீட்டிலும் அலமாரியைத் திறந்து பாருங்கள். தொட்டித் தண்ணீர் 60 டிகிரியை எட்டாவிட்டால் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். தொட்டி 60ஐ எட்ட பாய்லர் அதைவிடச் சூடாக ஓட வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: தொட்டி இருந்தால் குமிழைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லித்தர யாரும் வருவதில்லை.  கதவைத் தட்டி வருபவர்கள் வேறு ரகம். "அரசு மானியம், இலவச பாய்லர், இன்றே கையெழுத்து" என்றால் கதவைச் சாத்துங்கள். பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பெட்டி வெறும் பிளாஸ்டிக். பாய்லர் மூடியைத் திறக்க வருபவரிடம் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் அட்டையை, கேளுங்கள். என்னென்ன வேலை செய்ய அவருக்கு அனுமதி உண்டு என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.