வலையில் விழுந்த நொடியிலிருந்து மூன்று நிமிடம்

கேள்வி: மதுரையில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். நாகமலைப் பக்கத்துத் தோப்புகளில் குஞ்சு வளர்க்கும் சின்னான்களின் (செம்புழைக் கொண்டைக்குருவி) அழுத்த ஹார்மோனை அளக்க வேண்டும். வலையில் பிடித்து, கல்லூரிக்குக் கொண்டுவந்து ரத்தம் எடுத்து, வெளியே பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கல்லூரி வந்து சேர்வதற்குள் நீங்கள் தேடிய அளவு ரத்தத்தில் இருக்காது. வலையில் மோதியதுமே அட்ரீனல் சுரப்பிக்கு உத்தரவு போய்விடும். பறவைகளின் முக்கிய அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோன் ஏறத் தொடங்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் எடுத்த ரத்தம்தான் அடிப்படை அளவைக் காட்டும். நேரத்தை எண்ணுவது பறவை வலையில் விழுந்த நொடியிலிருந்து. கையில் எடுத்ததிலிருந்து அல்ல. வலை கண்ணில் படும்படி மறைந்து உட்காருங்கள், விழுந்ததும் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள்.

இறக்கையை விரித்தால் முழங்கை மடிப்பின் உட்புறம் மெல்லிய தோலுக்கடியில் சிரை தெரியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இறகை ஒதுக்கி, 26 கேஜ் ஊசியால் ஒரே குத்து. சிரிஞ்சால் இழுத்தால் சிரை ஒட்டிக்கொள்ளும். ஊறும் சொட்டில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) பூசிய நுண்குழாயை வைத்தால் தானே ஏறும். 40 கிராம் பறவையிடம் மொத்தம் எடுக்கக்கூடியது உடல் எடையில் 1 சதவீதம், அதாவது 0.4 மில்லி. 0.1 மில்லியே போதும். ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்து, துணிப்பையில் நிழலில் வைத்து, 30ஆவது நிமிடம் இன்னொரு 0.1 மில்லி எடுங்கள். இரண்டுக்கும் இடையிலான ஏற்றம்தான் அழுத்த எதிர்வினை. குழாய்களை ஐஸில் வைத்து, அன்றே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிளாஸ்மாவை மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். மனிதருக்கான கூடங்களில் வழக்கமாகப் பார்ப்பது கார்ட்டிசால். கார்ட்டிகோஸ்டிரோனுக்கான பரிசோதனைக் கிட்டையே வாங்குங்கள்.

பலர் சறுக்குவது எண்ணைப் படிக்கும் இடத்தில். குஞ்சுக்கு இரை தேடி அலையும் பறவைக்கு அடிப்படை அளவு கூடியிருப்பது இயல்பு, அந்த உழைப்புக்கு அது வேண்டும். பல இனங்களில் கூட்டில் குஞ்சு இருக்கும்போது எதிர்வினை தணிகிறது. ஹார்மோன் எகிறினால் கூட்டைக் கைவிட நேரும். ஆகவே 'குறைவு என்றால் நிம்மதி' என்று எழுதிவிடாதீர்கள். கூட்டின் கட்டம், குஞ்சுகளின் எண்ணிக்கை, பறவையின் எடை, மணி எல்லாவற்றையும் குறியுங்கள். விடியலில் அளவு இயல்பாகவே கூடியிருக்கும், அதனால் எல்லா மாதிரியும் ஒரே நேரத்தில், காலை 8 மணிக்குள் எடுக்கப்பட வேண்டும். சித்திரை வெயிலில் அதற்குமேல் வலை விரிப்பதே ஆபத்து.

முட்டையிடும் நாட்களிலும் அடைகாக்கும் தொடக்கத்திலும் தொடவே தொடாதீர்கள். குஞ்சுகளின் இறக்கையில் குழல் இறகு விரியத் தொடங்கிய பிறகு பிடித்தால், தாய் அரைமணி இல்லாததை அவை தாங்கும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது. கல்லூரி வளாகத்துப் பறவைக்கும் இதே விதிதான். அனுமதி வரும்வரை எச்சத்தைச் சேகரித்துப் பழகலாம், ஆனால் அந்த முறை சின்னானுக்குப் பொருந்துகிறதா என்று தனியே சோதிக்க வேண்டும். உதிர்ந்த இறகு இந்தக் கேள்விக்கு உதவாது: அதில் படிந்திருப்பது அந்த இறகு முளைத்த காலத்து ஹார்மோன், இந்தக் கூட்டின் காலத்து ஹார்மோன் அல்ல.