கல் வீட்டுச் சுவருக்கு ஊசி போடாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டுக் கல் வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். கீழ்த்தளச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். இலவசமாகப் பார்க்க வந்த கம்பெனிக்காரர், ஈரம் ஏறாமல் தடுக்கத் துளை போட்டு ரசாயனம் ஏற்றி உள்ளே சிமெண்ட் பூசலாம் என்கிறார். வீடு அரசின் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தாலும் நிறுத்துங்கள்.

உங்கள் சுவர் வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒன்று, நடுவில் உடைகல்லும் சாந்தும் போட்டு நிரப்பியது. அரை மீட்டர் கனம் இருக்கும். ஏற்றுகிற ரசாயனம் அந்த நடுப்பகுதியில் எந்தப் பொந்துக்குள் போகும் என்று ஏற்றுபவருக்கே தெரியாது. அங்கே கிடைப்பது சுண்ணாம்புக்கல், மழையில் கொஞ்சம் குடிக்கும், காற்றடித்ததும் சுண்ணாம்புச் சாந்து வழியாக விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரம் கல் வழியாகவே வரும், கல்லின் முகம் பொரிந்து உதிரும்.

கம்பெனிக்காரர் சுவரில் குத்திக் காட்டியிருப்பாரே, அந்த ஈரம் அளக்கும் மீட்டர் மரத்துக்காகச் செய்தது. சுவரில் உப்பு இருந்தாலே சிவப்பு காட்டும். ரசாயனம் விற்பவர் வந்து பார்த்துவிட்டு ரசாயனம் தேவையில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் வீடு வாங்கும்போது வீட்டைச் சோதிக்கும் சர்வேயர் தன் தலை தப்ப ‘ஓத நிபுணரைக் கேட்கவும்’ என்று எழுதிவிடுவார், கடன் தருபவரும் அந்த நிபுணரின் அறிக்கையைக் கேட்பார், அந்த நிபுணர் யார் என்று பார்த்தால் இதே விற்பனையாளர்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பூச்செடிப் பாத்தியின் மண் உள்தரையை விட உயரமா? பாதி ஓதம் அதில்தான். ஒரு சாண் கீழே வரும்படி மண்ணை இறக்குங்கள். கூரை மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா பாருங்கள். கல் இடுக்கில் யாராவது சிமெண்ட் அடைத்திருந்தால் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள்.

இதில் ஒரு விலக்கு. சிமெண்ட் கல்லைக் கெட்டியாகப் பிடித்திருந்து, உளி வைத்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயர்கிறது என்றால் விட்டுவிடுங்கள். மறைவான ஒரு மூலையில் ஒரு சதுர அடி மட்டும் கையால், இயந்திரம் வேண்டாம், எடுத்துப் பாருங்கள். விளிம்பு உடைந்தால் அந்தச் சுவரைத் தொடாதீர்கள். தானாகத் தளர்ந்த இடத்தை மட்டும் எடுங்கள். ஆர்வத்தில் ‘எல்லாச் சிமெண்டும் எதிரி’ என்று கிளம்பி, சிமெண்ட் செய்ததை விட அதிகச் சேதம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுவரில் கைவைக்குமுன் உள்ளாட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் செய்வது பட்டியல் கட்டடங்களுக்கான 1990 சட்டப்படி குற்றம்; பழைய உரிமையாளர் செய்ததற்கும் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. சட்டத்தில் எட்டு வாரம் என்று இருக்கும், நாள்காட்டியை நம்பாதீர்கள். அரசு இந்த வீடுகளைப் பொக்கிஷம் என்கிறது, பழுதுபார்க்க 20 சதவீத வரி போடுகிறது, பக்கத்தில் புது வீடு கட்டினால் வரி பூஜ்யம்!

வில்லியம் மோரிஸ் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை சொல்கிறது, அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை. மண்ணை இப்போதே இறக்கலாம். சாந்து வேலையை உறைபனிக் காலம் முடிந்த அப்புறம் வையுங்கள். ஐந்து டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு பிடிக்காது. சுவர் காய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், அதற்குள் இன்னொருவர் மீட்டரோடு வருவார்.